பின்னால் அமர்ந்திருப்பவர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்

 

ஹதீஸ் நூல்களை ஓதியவர்களுக்கு ‘ரதீஃப்’ என்னும் அரபுச் சொல் நன்கு அறிமுகமானது. வாகனத்தில் ஒருவருக்குப் பின்னால் அமர்ந்து பயணிப்பவர் என்பது அதன் பொருள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது பெற்ற புகழ்பெற்ற அறிவுரை, நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்திருந்த வேளையில் கிடைத்தது. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் ‘உஃபைர்’ என்ற கழுதையின் மீது பெருமானாருக்குப் பின்னால் அமர்ந்து சென்றார்கள். இறுதி ஹஜ்ஜில் அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபா வரை உஸாமா (ரலி) அவர்களும், அங்கிருந்து மினா வரை ஃபழ்லு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களும் ரதீஃபாக இருந்தார்கள். இப்படி நபியவர்களுக்குப் பின்னால் அமரும் பேறு பெற்றவர்களின் பெயர்களைத் திரட்டி, ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இப்னு மன்தா என்ற ஹதீஸ் அறிஞர் தனி ஏடே எழுதியிருக்கிறார். ஏறத்தாழ முப்பது பேர் அதில் இடம்பெறுகிறார்கள். பின்னால் அமர்ந்தவரின் பெயரைக்கூடத் தவறவிடாமல் பாதுகாத்த சமுதாயம் இது.

இன்றைய ரதீஃப்களைக் காண வேண்டுமானால், மாலையில் மத்ரஸா விடும் நேரத்தில் வாசலில் சற்று நின்றால் போதும். ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கும். ஓட்டுவது தாய். முன்னால் கால் வைக்கும் தளத்தில் ஐந்து வயதுப் பிள்ளை ஏறி நின்றுகொள்ளும். பின்னால் இரு பிள்ளைகள். அவர்களுக்கு நடுவே ஓதும் பைகள். கைப்பிடியில் காய்கறிப் பை. தலைக்கவசம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது பக்கக் கண்ணாடிக்கு அணிவிக்கப்பட்டிருக்கும்.

கடற்கரையோர முஸ்லிம் ஊர்களில் இந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை நெருக்கடி இருப்பதை நான் அறிவேன். வீட்டின் ஆண்கள் வளைகுடாவிலோ மலேசியாவிலோ உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம், மத்ரஸா, மருத்துவமனை, வங்கி, மாமியாரின் மருந்து, கைக்குழந்தையின் தடுப்பூசி என எல்லாவற்றிற்கும் ஓடுபவர் தாய்தான். முன்பு ஒவ்வொரு தேவைக்கும் யாராவது ஒரு பையனைக் கெஞ்ச வேண்டியிருந்தது. அந்த நிலையிலிருந்து நம் பெண்களை விடுவித்தது இந்தச் சிறிய வண்டி. பெண்கள் வண்டி ஓட்டுவதைக் குறை பேசுவோரும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வண்டி ஓட்டுவது குறையன்று. ஏற்றக்கூடாத அளவில் ஏற்றுவதும், ஏற்றியவரைப் பாதுகாக்காமல் விடுவதுமே குறை. இதில் ஆண்களின் பங்கு பெண்களின் பங்கைவிடப் பன்மடங்கு. ஜுமுஆவுக்கு பாங்கு சொன்ன பிறகு வீட்டிலிருந்து கிளம்பி, மூன்று பேராக ஒரே வண்டியில் ‘டிரிபிள்ஸ்’ பறந்து வரும் இளைஞர்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இது பற்றி ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் பேசியபோது, ஒரு தந்தை எழுந்து கேட்டார்: “உஸ்தாத், நபி (ஸல்) அவர்களே ஒரே வாகனத்தில் மூவராகப் பயணித்திருக்கிறார்களே, பிறகு நீங்கள் எப்படித் தடுக்கிறீர்கள்?” கேள்வி நியாயமானது, செய்தியும் ஆதாரமுள்ளது. பெருமானார் பயணத்திலிருந்து திரும்பி வரும்போது மதீனாவின் சிறுவர்கள் எதிர்கொண்டு வரவேற்பார்கள். அப்படி ஒருமுறை அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்களைத் தமக்கு முன்னாலும், ஃபாத்திமா (ரலி) அவர்களின் புதல்வர்களில் ஒருவரைத் தமக்குப் பின்னாலும் அமர்த்திக்கொண்டு மதீனாவுக்குள் நுழைந்தார்கள் என்று முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. ஒரு வாகனத்தில் மூவர் அமர்வது குறித்து இமாம் புகாரி (ரஹ்) தனித் தலைப்பே அமைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தந்தை பாதியில் நிறுத்திவிட்டார். இத்தகைய ஹதீஸ்களை விளக்கும் இமாம் நவவி (ரஹ்) போன்ற அறிஞர்கள், பின்னால் ஏற்றிக்கொள்ளலாம் என்று சொன்னதோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தே சொன்னார்கள்: அந்த மிருகம் அதைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். சட்டத்தின் உயிர் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. ஒட்டகமோ கோவேறு கழுதையோ தாங்க முடியாத சுமையை ஏற்றினால் நின்றுவிடும், முனகும், படுத்துவிடும். ஸ்கூட்டர் முனகாது. நான்கு பேரை ஏற்றினாலும் நகரும். அதன் இயலாமை வெளிப்படுவது பிரேக் பிடிக்கும் கணத்தில் மட்டுமே. அதுவும் போக, அன்று மதீனாவின் எல்லையில் அந்த வாகனம் நடந்து வந்தது. இன்று நம் வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரசுப் பேருந்துக்கும் மீன் ஏற்றிய லாரிக்கும் இடையே செல்கிறது.

வண்டி எதைத் தாங்கும் என்பதைக் கணிக்க ஊகம் தேவையில்லை. வண்டியோடு தரப்படும் கையேட்டில் அதிகபட்சச் சுமை எழுதப்பட்டிருக்கும். வழக்கமான 110 சிசி ஸ்கூட்டரின் எடை ஏறத்தாழ 105 முதல் 110 கிலோ. அதன் மீது இரு பெரியவர்கள் அமர்ந்தாலே, வண்டியைவிட அதிக எடை வண்டியின் மீது ஏறிவிடுகிறது. பின்னால் ஆள் அமரும்போது எடை பின்சக்கரத்தின் மீது சாய்கிறது, முன்சக்கரம் இலேசாகிறது, திருப்பும்போது கைப்பிடி தடுமாறுகிறது. ஸ்கூட்டரின் சக்கரம் சிறியது என்பதால், பெரிய பைக் எளிதாகக் கடந்துவிடும் குழிகூட இதற்குப் பெரிய பள்ளம். ஆகவேதான் தயாரிப்பாளர்கள் ஆள் ஏற்றும்போது பின்சக்கரத்தில் காற்றைக் கூட்டச் சொல்கிறார்கள். சில ஸ்கூட்டர்களில் தனியாகச் செல்லும்போது 29 என்றும், பின்னால் ஆள் இருந்தால் 36 என்றும் அளவு குறித்திருப்பார்கள். பெட்ரோல் போடும்போது காற்றுப் பிடிக்கும் இடத்தில் இதைச் சொல்லிப் பிடிப்பவர் நம்மில் எத்தனை பேர்? காற்றுக் குறைந்த சக்கரத்தோடு இரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் குலுங்கிச் செல்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெளிவாக அறிந்துகொள்வோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆவது பிரிவு, இருசக்கர வாகனத்தில் ஓட்டுநரைத் தவிர ஒருவரை மட்டுமே ஏற்றலாம் என்கிறது. அவரும் ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் உறுதியாகப் பொருத்தப்பட்ட முறையான இருக்கையில்தான் அமர வேண்டும். அந்த ஒருவர் பெரியவரா, சிறியவரா என்று பிரிவு வேறுபடுத்தவில்லை. மடியில் இருக்கும் குழந்தையும் ஓர் ஆளே. முன்தளத்தில் நிற்கும் பிள்ளைக்குச் சட்டத்தில் இடமே இல்லை. மீறினால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 1000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதங்கள் ஓட்டுநர் உரிமத்தை இழக்கவும் நேரிடும். எல்.எல்.ஆர். மட்டும் வைத்திருப்பவர், உரிமம் பெற்ற பயிற்றுநரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக்கூடாது. வண்டி பழகத் தொடங்கிய மறுவாரமே மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் புறப்படுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

“அபராதம் என்பது அரசாங்கத்தின் வசூல், அதற்கும் மார்க்கத்துக்கும் என்ன தொடர்பு?” என்று சிலர் எண்ணுகிறார்கள். தொடர்பு இருக்கிறது. பல நாடுகளின் ஃபிக்ஹு அறிஞர்கள் கூடும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம், 1993 ஜூன் மாதம் புருனையில் நடந்த தன் எட்டாவது அமர்வில் வாகன விபத்துகள் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஷரீஅத்துக்கு முரணாகாத போக்குவரத்து விதிகளைப் பேணுவது மார்க்க அடிப்படையிலேயே கடமை என்றும், வாகனத்தை ஓட்டுபவரே தம் வாகனத்தால் பிறரின் உடலுக்கும் பொருளுக்கும் ஏற்படும் தீங்குக்குப் பொறுப்பாளி என்றும் அத்தீர்மானம் கூறுகிறது. தவிர்க்கவே முடியாத இயற்கை நிகழ்வு, பாதிக்கப்பட்டவரின் சொந்தச் செயல், மூன்றாமவரின் குற்றம் ஆகியவற்றுக்கு மட்டுமே அது விலக்கு அளிக்கிறது.

இந்த ‘பொறுப்பாளி’ என்ற சொல்லின் கனத்தை நம் மக்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. விபத்தில் ஒருவர் இறந்தால், ‘அவருடைய அஜல் அவ்வளவுதான்’ என்று சொல்லி அடக்கம் செய்துவிட்டு வந்துவிடுகிறோம். அஜல் அல்லாஹ்வின் நாட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தவறுதலாக ஒரு முஃமினின் உயிர் போகக் காரணமானவருக்கு அல்குர்ஆன் நான்காம் அத்தியாயத்தின் 92ஆவது வசனம் இரு கடமைகளை விதித்திருக்கிறது. ஒன்று, இறந்தவரின் வாரிசுகள் மன்னித்தால் தவிர, அவர்களுக்குத் தியத் என்னும் இழப்பீடு சேர வேண்டும். மற்றொன்று கஃப்பாரா. அடிமையை விடுதலை செய்யும் வாய்ப்பில்லாத இன்றைய நிலையில், இடைவிடாமல் இரண்டு மாதங்கள் நோன்பு நோற்பதே அந்தக் கஃப்பாரா. வாரிசுகள் மன்னித்தாலும் இது நீங்காது. ஏனெனில் இது அல்லாஹ்வுக்குரிய கடன்.

இன்னும் ஒன்று உண்டு. பாகப்பிரிவினை பாடத்தில் மாணவர்களுக்கு இதை நடத்தும்போதெல்லாம் வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும். கொன்றவர் கொல்லப்பட்டவரின் சொத்தில் வாரிசாக மாட்டார் என்பது ஃபராயிள் சட்டம். நம் நாட்டில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும், தவறுதலாகக் கொன்றவருக்கும் இது பொருந்தும். மகன் ஓட்டுகிறான், பின்னால் தந்தை. மகனின் கவனக்குறைவால் வண்டி கவிழ்ந்து தந்தை இறந்துவிட்டார். அந்த மகன் தந்தையை இழந்ததோடு, தந்தையின் சொத்தில் தன் பங்கையும் இழக்கிறான்; இரண்டு மாத நோன்பும் அவன் கழுத்தில் இருக்கிறது. தாய் ஓட்டி, முன்னால் நின்ற பிள்ளை இறந்தால் அவளுடைய நிலையும் இதேதான். ஒரு குறிப்பிட்ட விபத்தில் ஓட்டியவரின் தவறு எவ்வளவு என்பதை ஆலிம்கள் விசாரித்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். துக்க வீட்டில் நாமாக ஒருவரை நோக்கி விரல் நீட்டுவது பெரும் பாவம். ஆனால் வண்டியில் சாவி போடும்போது இந்தச் சட்டம் நினைவில் இருப்பது நல்லது.

பின்னால் அமர்ந்தவரை எப்படிப் பேணுவது என்பதற்கு ஸீராவில் அழகிய முன்மாதிரி இருக்கிறது. கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் அமர்வதற்காக நபி (ஸல்) அவர்கள் தமக்குப் பின்னால் போர்வையைச் சுருட்டி இருக்கை அமைத்துக் கொடுத்தார்கள். பிறகு ஒட்டகத்தின் அருகில் அமர்ந்து தம் முழங்காலை வைத்தார்கள். அதன் மீது பாதம் பதித்து அன்னையவர்கள் ஏறினார்கள். அனஸ் (ரலி) இதைக் கண்ணால் கண்டு அறிவித்திருக்கிறார்கள். அதே பயணத்தில் ஒட்டகம் இடறி இருவரும் கீழே விழுந்த செய்தியும் புகாரியில் உண்டு. அபூதல்ஹா (ரலி) அவர்கள் பதறி ஓடி வந்து, “தங்களுக்கு அடிபட்டதா?” என்று பெருமானாரைக் கேட்டபோது, அவர்கள் இல்லை என்று கூறி, அந்தப் பெண்மணியைக் கவனிக்கும்படியே பணித்தார்கள். அபூதல்ஹா தம் முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு சென்று அன்னையவர்கள் மீது துணியைப் போர்த்தினார்கள். பிறகு சேணத்தை மீண்டும் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்கள்.

இருக்கை அமைத்தல், ஏறத் துணை செய்தல், விழுந்தால் முதலில் பின்னால் இருந்தவரைக் கவனித்தல், பயணத்தைத் தொடரும் முன் சேணத்தைச் சரிபார்த்தல்: வாகனத்தில் ஆளை ஏற்றுவதற்கான முழு ஒழுங்கும் இந்த இரு நிகழ்ச்சிகளில் அடங்கியிருக்கிறது. நம் வழக்கத்தை இதனோடு ஒப்பிடுங்கள். மனைவி ஏறி அமர்ந்தாரா, கால் வைக்கும் கம்பியை மடக்கியதிலிருந்து விரித்தாரா, ஆடையை ஒதுக்கிக்கொண்டாரா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பும் கணவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஆக்ஸிலேட்டரைத் திருகும் முன் “உட்கார்ந்தாயிற்றா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. பின்னால் அமர்பவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, கைப்பிடி, கால் வைக்கும் கம்பி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆவது விதி கூறுகிறது. வண்டி வாங்கிய பின் அழகுக்காகவோ கழுவ வசதிக்காகவோ அந்தத் தடுப்பைக் கழற்றி எறிந்துவிடுவோர் இருக்கிறார்கள். நம் பெண்களின் புர்காவோ தாழத் தொங்கும். துப்பட்டாவின் முனை காற்றில் பறக்கும். அது சக்கரத்தில் சிக்கினால் இழுபடுவது துணி மட்டுமன்று, கழுத்தும்தான். துப்பட்டாவின் முனையை புர்காவுக்கு உள்ளே செருகிக்கொள்வதும், கீழ்விளிம்பைச் சேர்த்து மடியில் பிடித்துக்கொள்வதும் ஹிஜாபுக்கு எந்தக் குறையும் தராது.

ஒருபக்கமாக அமர்வதா, இருபுறமும் கால் போட்டு அமர்வதா என்பது நம் வீடுகளில் பெரிய விவாதம். ஒருபக்கமாக அமர்பவருக்குப் பிடிமானம் குறைவு; ஒரு காலுக்கே தாங்கல் கிடைக்கிறது; எடை ஒருபுறம் சாய்வதால் ஓட்டுபவருக்கும் வண்டியை நிலைநிறுத்துவது கடினம். கையில் குழந்தையும் இருந்துவிட்டால் பிடிக்கக் கையே இல்லை. ஆனாலும் இருபுறம் கால் போட்டு அமர்வது பெண்களுக்கு ஆகாது என்று பாட்டிமார் சொல்வார்கள். அதற்கு அடிப்படையாகப் பெண்கள் சேணத்தில் ஏறுவதைக் கண்டிக்கும் ஒரு செய்தி சில ஹனஃபி நூல்களில் எடுத்தாளப்பட்டிருக்கிறது. அதற்கு ஆதாரமான மூலம் இல்லை என்ற அறிஞர் கருத்தை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களே பதிவுசெய்திருக்கிறார்கள். அச்செய்தியை ஏற்று எழுதிய துர்ருல் முக்தார் ஆசிரியரும், அது வேடிக்கைக்காக ஏறுவதைப் பற்றியது என்றும், ஹஜ் போன்ற மார்க்கத் தேவைக்கோ தவிர்க்க இயலாத உலகத் தேவைக்கோ ஏறினால் குற்றமில்லை என்றும் தெளிவுபடுத்திவிட்டார்கள். மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செல்வது தவிர்க்க இயலாத தேவை அல்லவா? உள்ளே தளர்வான முழுக் காற்சட்டை அணிந்து, அகலமான புர்காவுடன் இருபுறம் கால் போட்டு அமர்ந்தால் உடலும் மறைகிறது, உயிரும் பாதுகாக்கப்படுகிறது. மாற்றுக் கருத்துடைய ஆலிம்கள் இருக்கலாம், அவர்களை மதிக்கிறேன். எனினும் என் வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்வது இதுவே.

தலைக்கவசத்துக்கு வருவோம். ‘தொப்பி போட்டிருக்கிறேனே’ என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் உண்டு. சட்டத்தின் 129ஆவது பிரிவு தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு மட்டுமே விலக்கு அளித்திருக்கிறது. நம் தொப்பிக்கும் ஹிஜாபுக்கும் விலக்கு இல்லை, கேட்பதற்கு நியாயமும் இல்லை. நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும், ஓட்டினாலும் பின்னால் அமர்ந்தாலும், தலைக்கவசம் அணிய வேண்டும். தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து இது வலியுறுத்தப்பட்டது. ஆயினும் ஓட்டுபவருக்கு மட்டும் கவசம், பின்னால் இருப்பவருக்கு வெறுந்தலை என்பதே இன்றும் நடைமுறை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் தலைக்கவசம் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்லர். பின்னால் நம்பி அமர்ந்தவர்கள்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒருவரின் தலை அசையாத பொருளில் மோதினால், ஏறத்தாழ இருபது அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பள்ளிவாசல் மாடியிலிருந்து விழுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கவசத்தை வாங்கி, தாடைப் பட்டையையும் மாட்ட வேண்டும். மாட்டாத கவசம் மோதும் முன்பே தலையை விட்டுப் பறந்துவிடும். பெண்களுக்கு ஒரு குறிப்பு: ஹிஜாபின் பின்பக்கத்தில் ஊசி குத்தாமல், உள்ளே ஒட்டி நிற்கும் மெல்லிய துணி அணிந்தால் கவசம் சரியாக அமரும். முகத்திரை அணிந்து வண்டி ஓட்டும் சகோதரிகள், இருபுறமும் வரும் வண்டிகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்பதைக் கிளம்பும் முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளுக்கென 2022 பிப்ரவரியில் வெளியிடப்பட்டு ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த விதி பலருக்குத் தெரியாது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றும்போது, ஓட்டுபவரின் தோளோடு இணையும் பட்டைகள் கொண்ட பாதுகாப்பு அங்கியை அணிவிக்க வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை தலைக்கு அளவான கவசமும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. மாலையில் ஓதிக் களைத்த பிள்ளை பின்னால் அமர்ந்தபடியே உறங்கிவிடும் என்பது ஒவ்வொரு தாயும் அறிந்ததே. அந்த உறக்கத்தில் அதைப் பிடித்துவைப்பது இந்தப் பட்டைதான். முன்தளத்தில் நிற்கும் பிள்ளையின் ஆபத்து வேறு வகை. திடீரென்று பிரேக் பிடித்தால் அதன் முகமும் மார்பும் கைப்பிடியில் மோதும்; பின்னாலிருந்து பெரியவரின் உடல் எடை முழுவதும் அதன் மீது அழுந்தும். வண்டியை நிறுத்தியிருக்கும்போது விளையாட்டாக ஆக்ஸிலேட்டரைத் திருகிவிடும் பிள்ளைகளும் உண்டு. பெருநாள் சந்தைக்கு ஆயிரக்கணக்கில் ஆடை வாங்கும் நாம், இந்தப் பட்டையின் விலையைக் கேட்டுத் தயங்குவது வியப்பாக இருக்கிறது.

அடுத்தது நம் ஊர்களின் தனிப்பட்ட நோய். தந்தை துபாயில், வண்டி அவர் பெயரில், ஓட்டுவது பதினைந்து வயது மகன், பின்னால் பாட்டி. “கியர் இல்லாத வண்டிதானே, பதினாறு வயதில் ஓட்டலாம்” என்று சமாதானமும் சொல்கிறார்கள். பதினாறு வயதில் ஓட்டலாம் என்பது 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. இன்று தெருவில் ஓடும் ஸ்கூட்டர்கள் அநேகமாக 100 சிசியைத் தாண்டியவை. அவற்றுக்குப் பதினெட்டு வயது நிறைய வேண்டும். சிறுவன் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், 199ஏ பிரிவின்படி பொறுப்பு பாதுகாவலருக்கும் வண்டியின் உரிமையாளருக்கும் உரியது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முழு முயற்சி எடுத்ததாகவோ நிரூபித்தால் ஒழிய, மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். பையனுக்கு இருபத்தைந்து வயதாகும் வரை உரிமம் கிடைக்காது. ஓட்டுநர் வேலைக்கு வெளிநாடு செல்லக் காத்திருக்கும் குடும்பத்துக்கு இந்த இறுதித் தண்டனையே போதும். பாலூட்டி வளர்த்த பாட்டியைப் பேரன் கையில் ஒப்படைத்தோம் என்று பெருமை கொள்ள இதில் ஒன்றுமில்லை.

காப்பீடு குறித்தும் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. ‘இன்சூரன்ஸ் இருக்கிறது, பின்னால் இருப்பவருக்கும் கிடைக்கும்’ என்கிறார்கள். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள வண்டியில், இலவசமாகப் பின்னால் அமர்ந்து சென்றவருக்கு இழப்பீடு வழங்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2006இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அவருக்கும் சேர வேண்டுமானால் அதற்கேற்ற கூடுதல் பாலிசி இருக்க வேண்டும். கட்டாயக் காப்பீட்டை நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் ஆலிம்கள் அனுமதிக்கிறார்கள். விருப்பத்தின் பேரில் எடுப்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனவே அவரவர் நம்பும் முஃப்தியிடம் கேட்டு முடிவெடுக்கட்டும். ஆனால் கையில் இருக்கும் பாலிசி யாரைக் காக்கிறது என்பதைப் படித்துப் பார்க்காமலே பின்னால் ஆள் ஏற்றுவது சரியன்று.

“மூன்று பிள்ளைகள், ஒரு வண்டி, நான் என்னதான் செய்வது?” என்று கேட்கும் தாய்க்கு அபராதத் தொகையை மட்டும் ஒப்புவித்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து மாத வாடகைக்கு ஒரு ஆட்டோவை அமர்த்திக்கொள்ளலாம். அதில் எத்தனை பிள்ளைகளை ஏற்றலாம் என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். நடக்கும் தொலைவில் இருப்பவர்கள் பிள்ளைகளை நடத்தியே கூட்டி வரலாம். அரை கிலோமீட்டருக்கு வண்டி எடுக்கும் பழக்கம் நமக்கு எப்போது வந்ததோ! எங்கள் மத்ரஸாவில் ஷவ்வாலில் புதிய வகுப்புகள் தொடங்கும்போது, சிறு பிள்ளைகளை இருபது நிமிடம் முன்னதாக விடுவதென்று பேசியிருக்கிறோம். ஒரு தாய் சிறிய பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, மூத்த பிள்ளைக்காக மீண்டும் வர அந்த நேரம் போதும். மூன்றாவது பிள்ளை, ஆட்டோ வரும் வரை என் வகுப்பிலேயே அமர்ந்திருக்கலாம்.

பள்ளிவாசல்களின் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். செருப்பு வைக்க அடுக்கு கட்டியிருக்கிறோம்; தலைக்கவசம் வைக்க இடம் இல்லை. தொழுகைக்கு வருபவர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஒளூ செய்யும் இடத்துக்கும் ஸஃப்புக்கும் அலைகிறார். மறுவாரம் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார். எங்கள் மத்ரஸா வாசலில், செருப்பு அடுக்குக்கு மேலே, நாற்பது கவசங்கள் வைக்கும்படி ஓர் அடுக்கு அமைக்க அளவெடுத்தாகிவிட்டது. பலகை தருவதாக மரக்கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் சொல்லியிருக்கிறார்; தச்சர் வர வேண்டியதுதான் பாக்கி.